முதல்ல ஸ்பீக்கரை மாத்துவம், அதுக்கும் முதல் அதை நகர்த்துவம்

கொஞ்சக் காசு கையில் சேர்ந்திருக்கிறது. முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக இருக்கலாம், மகாபொலவில் சிறுகச் சிறுகச் சேர்த்ததாக இருக்கலாம், கனடாவில் இருந்து மாமா அனுப்பியதாகவும் இருக்கலாம். வீட்டில் ஒரு பாட்டு செற் இருக்கிறது. அதன் சத்தம் இப்போது மனதுக்குப் பிடிக்கவில்லை. எதை மாற்றுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடைக்காரர், "அம்ப்பை மாத்துங்கோ தம்பி, இது மூவாயிரம் வொற்" என்பார். இரவிரவாக யூரியூப் விமர்சனம் பார்க்கும் நண்பன், "டாக் ஒண்டு வாங்கடா, எல்லாம் சரியாகும்" என்பான். (டாக் என்பது போனில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சின்னப் பெட்டி.) மினிபஸ்ஸில் வளர்ந்த மற்ற நண்பன், "வூஃபர் ஒண்டு போடு மச்சான், நெஞ்சு அதிரவேணும்" என்பான். மூன்று பேருமே அன்பாகத்தான் சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் பெரும்பாலும் பிழை என்பதுதான் எங்கள் கட்சி.

ஒரே ஒரு சாமானைத்தான் மாற்றக் காசு இருக்கிறது என்றால் அது ஸ்பீக்கராக இருக்க வேண்டும். அதை வாங்குவதற்கு முதல் ஒரு கிழமை காசைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு கிழமையில் செய்யக்கூடிய, செலவே இல்லாத வேலைகள் பற்றியும் கீழே சொல்கிறோம். சில வீடுகளில் அதுக்குப் பிறகு ஒன்றுமே வாங்கத் தேவைப்படாது.

இது என்ன பெரிய பிரச்சினை என்று சிலர் யோசிக்கலாம். 2022 மார்ச்சில் 200 ரூபா மட்டில் இருந்த டொலர் ஏப்ரலுக்குள் 300 ஐத் தாண்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதுக்குப் பிறகு கப்பலில் வருகிற எந்தச் சாமானும் எங்கள் சம்பளத்தில் பெரிய துண்டைக் கடித்துக்கொண்டுதான் வருகிறது. வசதியான நாட்டில் இருப்பவர் பிழையான அம்ப் ஒன்றை வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுப்பார். எங்களுக்கு "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கும். அடுத்த சான்ஸ் எப்ப வருமோ தெரியாது.

நாங்கள் கதைப்பது லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களின் செற் பற்றி இல்லை. எங்கள் வீடுகளில் இருப்பது அநேகமாக இரண்டு வகை. ஒன்று, சவூதியில் இருந்தோ கட்டாரில் இருந்தோ அப்பாவோ சித்தப்பாவோ தூக்கிக்கொண்டு வந்த அடுக்குச் செற். இரட்டைக் கசற், மூன்று சீடி தட்டு, ரேடியோ. கசற் கதவு உடைந்து, சீடி தட்டு இறுகி, ரேடியோ மட்டும் விடியக்காலமை பாடிக்கொண்டிருக்கும். மற்றது, எங்கள் வயதுக்காரர் தாங்களே பொருத்தியது: போன், ஒரு வயர், உள்ளங்கை அளவு சீன அம்ப், எங்கேயோ கழற்றிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டி.

முதல் வகை வைத்திருப்பவர்கள் செற்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை, பக்கத்தில் ஆக்ஸ் என்று எழுதியிருக்கும். போனில் இருந்து அதுக்கு ஒரு வயர் கொடுத்தால் கசற்றும் சீடியும் செத்துப் போனது ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காலத்துச் செற்றுகளின் அம்ப் பகுதி பல இன்னும் உயிரோடு இருக்கிறது. "பழசாப் போச்சு" என்று அதை இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரியும்.

சரி, ஏன் ஸ்பீக்கர்?

ஒரு பாட்டு காதுக்கு வந்து சேரும் பாதையைப் பாருங்கள். போனில் அது எண். டாக் அதை மின் அலையாக்குகிறது. அம்ப் அந்த அலையைப் பெருப்பிக்கிறது. இதுவரைக்கும் எல்லாம் மின்சாரம், அசைகிற சாமான் ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில்தான் முதன்முதலாக ஒன்று அசைகிறது. காந்தத்துக்குள் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கடதாசிக் கோன், அது முன்னும் பின்னும் போய்க் காற்றைத் தள்ளுகிறது. மின்சாரத்தைப் பிழையில்லாமல் பெருப்பிப்பது இன்றைக்கு லேசான வேலை. மலிவான அம்ப் ஒன்றும் அளவோடு பாவித்தால் 1 வீதத்துக்கு நன்றாகக் கீழேதான் ஒலியைத் திரிக்கும். ஆனால் ஒரு துண்டுக் கடதாசியை, ஒரே நேரத்தில், தவிலுக்கு ஒரு வேகத்திலும் வயலினுக்கு இன்னொரு வேகத்திலும் அசைய வைப்பது லேசில்லை. சத்தத்தைக் கூட்டினால் தாழ் ஒலியில் ஸ்பீக்கரின் திரிபு 1 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதோடு ஒரு அம்ப் கீழிருந்து மேல்வரை எல்லா ஒலியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தரும். மலிவான ஸ்பீக்கர் ஒன்றை அளந்தால் யாழ்ப்பாணத்து ஒழுங்கை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆச்சியும் சொல்லுவா. ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு அம்ப்புக்கு இடையிலான வித்தியாசத்தை, எது எதென்று சொல்லாமல் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டால், காது பழகினவர்களே தடுமாறுவார்கள்.

எதிர்க்கட்சிக்கு ஒரு பழைய கோட்பாடு உண்டு. பாட்டு எங்கிருந்து தொடங்குகிறதோ அங்கேதான் முதல் செலவழிக்க வேண்டும், தொடக்கத்தில் தொலைந்ததைப் பிறகு எந்தப் பெட்டியாலும் மீட்க ஏலாது என்பது அது. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1973 இல் தொடங்கிய லின் என்ற கம்பனி இதைப் பெரிய கொள்கையாகவே பரப்பியது. அந்தக் கம்பனி விற்றது இசைத்தட்டுச் சுழற்றி என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக்கு அது முழுப் பொய்யும் இல்லை. இசைத்தட்டில் ஊசி அசைகிறது, மோட்டார் சுத்துகிறது. கசற்றில் நாடா ஓடுகிறது. ஹெட்டில் ஊத்தை பிடித்தால் பாட்டு மந்தமாகிவிடும், வீட்டில் ஒருவர் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துக்கொண்டு இருப்பார். அதாவது அப்போதும் அசைகிற இடத்தில்தான் பிழை இருந்தது. போன் வந்ததோடு பாதையின் தொடக்கத்தில் அசைகிற சாமான் இல்லாமல் போய்விட்டது, கடைசியில் உள்ளது மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோட்பாடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இனி வொற் கதைக்கு வருவோம். காசு அநியாயமாகப் போவது இங்கேதான்.

கடையில் செற்றுக்கு முன்னால் பளபளவென்று ஒரு ஸ்ரிக்கர்: 3000 வொற், 5000 வொற், பக்கத்தில் சின்ன எழுத்தில் பிஎம்பிஓ. இந்த பிஎம்பிஓ என்பதை எப்படி அளப்பது என்று எல்லாரும் ஏற்ற ஒரு முறையே கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு வரக்கூடும் என்று கம்பனி நினைக்கும் எண், அவ்வளவுதான். உண்மையை அதே பெட்டி பின்பக்கத்தில் சொல்லும். மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். 230 வோல்ற், 60 வொற் என்று இருந்தால், சுவரில் இருந்து 60 வொற் எடுக்கிற பெட்டி ஸ்பீக்கருக்கு 3000 வொற் தொடர்ந்து கொடுக்க அது என்ன மந்திரமா? ஆர்எம்எஸ் என்ற கணக்கில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டால் உங்களுக்கு விளங்கிவிடும்.

உண்மையான வொற் என்றாலும் அது நாங்கள் நினைக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. 20 வொற் அம்ப்பைக் கழற்றி 40 வொற் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், "கொஞ்சம் கூடின மாதிரி இருக்குது" என்கிற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர 10 டெசிபல் மட்டில் வேண்டும், அதுக்குப் பத்து மடங்கு வொற் வேண்டும்: 20 இருந்தால் 200. இதே வேலையை ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஒரு எண் இருக்கும்: ஒரு வொற் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால் எத்தனை டெசிபல். 85 உள்ளதுக்குப் பதிலாக 91 உள்ளதை வைத்தால், அதே அம்ப்பில், வொற்றை நாலு மடங்காக்கின பலன். கடையில் இந்த எண்ணை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், ஸ்ரிக்கரும் ஒட்ட மாட்டார்கள்.

உண்மையில் எங்களுக்கு எத்தனை வொற் தேவை? 10 அடிக்கு 12 அடி அறையில், பக்கத்தில் ஒருவர் கதைத்தால் விளங்குகிற அளவில் பாட்டுப் போட்டால், அம்ப் ஒரு வொற்றும் முழுசாகக் கொடுப்பதில்லை. திடீரென்று தவில் அடி விழும்போது மட்டும் அதைப்போல பத்து இருபது மடங்கு கேட்கும். 1990 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாமல் இருந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் ரேடியோவும் கசற்றும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வொற். அதில் முழு வீடும், வேலிக்கு அங்கால உள்ள வீடும் சேர்ந்து செய்தியும் பாட்டும் கேட்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்கு 5000 வொற் ஸ்ரிக்கர் காட்டி விற்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வூஃபர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன அறைக்குள் தாழ் ஒலி குறைவது அரிது, ஒரே சுருதியில் குமிந்து நிற்பதுதான் பிரச்சினை. 10 அடி நீளமுள்ள அறை, செக்கனுக்கு 56 தடவை அதிரும் ஒலியைத் தானே பெருப்பித்து வைத்துக்கொள்ளும். நீளமும் அகலமும் ஒரே அளவென்றால் இன்னும் மோசம். அங்கே வூஃபர் போட்டால் அந்த ஒரு சுருதிதான் இன்னும் வீங்கும். தாழ் ஒலி சுவருக்கும் அடங்காது. பக்கத்து வீட்டில் ஏஎல் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு போகாது, டும் டும் மட்டும் போகும். ஒழுங்கையில் செத்தவீடு நடந்தால் நீங்களாகவே ஓவ் பண்ணி வைக்க வேண்டிவரும்.

டாக்கும் அப்படித்தான். போனில் காதுக்கருவி ஓட்டை இருந்தால், அல்லது சார்ஜ் ஓட்டையில் குத்துகிற சின்ன வயர் டாக் ஒன்று இருந்தால், அது காணும். அப்பிள் விற்கிற அந்தத் துண்டு வயர் அமெரிக்காவில் 9 டொலர்தான், அளந்து பார்த்தவர்கள் அதில் பெரிதாகக் குறை சொல்லவில்லை. தங்கமுலாம் பூசிய ஸ்பீக்கர் வயரும் வேண்டாம். செம்புக் கம்பி, கொஞ்சம் மொத்தம், பத்து அடி. பாட்டு எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது இவற்றைவிடப் பெரிய விஷயம். வட்ஸ்அப்பில் ஐந்து பேர் கை மாறி வந்த பாட்டை எந்த டாக்காலும் காப்பாற்ற ஏலாது.

இனி அந்தக் காசில்லாத கிழமை.

எங்கள் வீடுகளில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? ஒன்று ரிவிக்குப் பக்கத்தில், மற்றது அலுமாரிக்கு மேல். சில வீடுகளில் ஒன்று விறாந்தையில், மற்றது குசினியில், "எல்லா இடமும் கேக்கட்டும்" என்று. இன்னும் சிலது கூரைக்குக் கிட்ட ஆணியில் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலே அம்மா பின்னிய பூவேலைத் துணி ஒன்று முகத்தை மூடிக்கொண்டு கிடக்கும், தூசி படாமல் இருக்க. மெல்லிய உயர் ஒலிகளை அந்தத் துணியே குடித்துவிடும். அம்மாவோடு சண்டை பிடிக்காமல், பாட்டுப் போடும் நேரம் மட்டும் எடுத்து மடித்து வையுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சுவர்ப் பக்கம், ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். சின்ன ஒலி வாய், அதாவது ட்வீற்றர், இருக்கும்போது உங்கள் காதின் உயரத்துக்கு வரவேணும். ஸ்ராண்ட் வாங்கத் தேவையில்லை. இரண்டு ஸ்ரூலும் பழைய கொப்பிக் கட்டும் காணும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடைத் தூரமும் அவற்றில் இருந்து உங்கள் கதிரைக்குள்ள தூரமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும். மூலையில் தள்ளி வைத்தால் தாழ் ஒலி குமிந்து ஆட்களின் குரலை மூடும். சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். குரல் தெளிந்துவிடும், ஆனால் நடக்க இடமில்லை என்று வீட்டில் பேச்சு விழும். அது எங்கள் எல்லார் வீட்டிலும் விழுந்ததுதான். பாட்டுக் கேட்கும்போது முன்னுக்கு, முடிந்ததும் பின்னுக்கு.

பிறகு பின்பக்க வயர்கள். அம்ப்பின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கும் மைனஸ் மைனஸ்ஸுக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போயிருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரம் மற்றது இழுக்கும், தாழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே விளங்காது. வீட்டில் பொருத்தின செற்றுகளில் இந்தப் பிழையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். "அம்ப் சரியில்லை, பேஸ் இல்லை" என்று மாற்றக் கிளம்பியவர்களில் சிலருக்கு இது மட்டும்தான் வருத்தம். பிடிக்க லேசான வழி இருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் வந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலிதான் போகும். கதிரையில் நடுவாக இருந்து கேட்டால் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவரில் இருந்து வருவது போல இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் தலையைச் சுற்றி அலைந்தால், அம்ப்பை ஓவ் பண்ணிவிட்டு ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். இரண்டு கம்பியின் நார்கள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டினால் அம்ப் போயிடும்.

கடைசியாக அறை. அறை நடுவில் நின்று ஒருக்கால் பலமாகக் கை தட்டுங்கள். "டிர்ர்" என்று இழுத்தால் அந்த இழுவை ஒவ்வொரு பாட்டின் மேலும் ஏறுகிறது. பூசின கல்லுச் சுவர், டைல்ஸ் நிலம், மேலே சீற், உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கதிரை என்றால் வேறெப்படி இருக்கும்? எங்கள் வெக்கைக்குக் கம்பளம் விரிக்கச் சொல்லும் வெளிநாட்டு ஆலோசனை சரிவராது. பாயை விரியுங்கள். யன்னலுக்குச் சீலை போடுங்கள். புத்தக அலுமாரியை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள். மெத்தைக் கட்டில் உள்ள அறை ஹோலைவிட நன்றாகக் கேட்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

இவ்வளவும் செய்தும் திருப்தி இல்லையா? அப்ப காசை எடுக்கலாம்.

புதுசு வாங்குகிற காசில் பாவித்தது வாங்கினால் ஒரு படி நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும். அம்ப்பைப்போல உள்ளே நிறைய எலக்ட்ரோனிக் சாமான் இல்லாததால் ஸ்பீக்கரைக் கண்ணாலும் கையாலும் பார்த்தே ஓரளவு எடை போடலாம். முன் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பர் என்றால் நல்லது. ஸ்பொஞ் என்றால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், எங்கள் ஈரக் காலநிலையில் அது வருசக் கணக்கில் உக்கி மாப்போல உதிரும். உதிர்ந்தாலும் வளையம் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவைக் கழித்து விலை பேசலாம். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமனாக உள்ளே அமத்தினால் உரசும் சத்தம் வரக்கூடாது. ட்வீற்றருக்குக் கிட்ட காதைக் கொண்டுபோங்கள், பல பெட்டிகளில் அது எப்போதோ எரிந்து போய் ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கும்.

கேட்டுப் பார்க்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். கூடச் சத்தமாக உள்ளது நல்லதாகத்தான் கேட்கும், மனிசக் காது அப்படி. விற்க விரும்புகிற சோடி எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே பாடும். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடுங்கள்.

ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சாமான்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் என்றால் பிரச்சினை இல்லை. அம்ப், செற் என்றால் ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ற், எங்களுடையது 230. பின்னால் வோல்ற் மாற்றும் சுவிச் இல்லாத பெட்டியை நேரே சுவரில் குத்தினால் புகைதான் வரும். 230 ஐ 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் தனியாக வேண்டும், அதன் விலையையும் சேர்த்துத்தான் அது மலிவா என்று பார்க்க வேண்டும்.

அம்ப்பை உண்மையிலேயே மாற்ற வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. பாட்டில்லாத நேரமும் ஊம் என்று இரைந்தால், ஒரு பக்கம் வந்து வந்து போனால், கொஞ்சம் கூட்டினதும் கரகரத்தால் அது நோய். ஆனால் சத்தக் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது ஊத்தை. ரிப்பேர் கடையில் கிளீனர் அடித்துத் தருவார்கள். கரகரக்கிற சின்ன அம்ப்பை முழுசாகத் திருகிப் பாவிப்பது ட்வீற்றரை எரிக்கும், அந்த நிலையில் அம்ப்பைத்தான் மாற்ற வேண்டும், மறுபேச்சில்லை. அதிலும் பெரிசாகப் போகத் தேவையில்லை. டிபிஏ 3116 என்ற சிப் போட்ட சின்ன போட்டுகள் பரவலாகக் கிடைக்கின்றன. 12 வோல்ற்றில், சாதாரண 8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒரு பக்கத்துக்கு 8, 9 வொற் மட்டில் தரும். மேலே போட்ட கணக்கின்படி அது காணும். கார் பற்றரியிலும் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் இதன் அருமை தெரிந்தது.

"இவ்வளவு பாடு எதுக்கு, அதே காசுக்கு ஒரு நல்ல காதுக்கருவி வாங்கலாமே?" இதுதான் எங்களுக்குள்ளேயே கனநாள் இழுபட்ட வாதம். நேர்மையாகச் சொன்னால், ஒரே விலையில் காதுக்கருவி ஸ்பீக்கரைவிடத் துல்லியமாகத்தான் கேட்கும். அறையின் தொல்லையும் இல்லை. தனியாக வாடகை அறையில் இருப்பவர் அதையே வாங்கட்டும். ஆனால் வீட்டில் எங்களில் பாதிப் பேர் இப்போது காதுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். எங்கள் பெற்றோருக்குப் பாட்டென்றால் யாரோ போட, எல்லாரும் கேட்பது. அவர்களின் பாட்டு எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அது ஹோலில் பாடியது. எங்கள் பாட்டு அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஸ்பீக்கர் வாங்குவதால் இது மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் மாற வழியே இல்லை என்று மட்டும் சொல்கிறோம்.

அதனால் சோடியை முடிவெடுக்கும் நாளில், ஒப்பிட்டுக் கேட்கும் பாட்டை நீங்கள் தெரிய வேண்டாம். ஏலுமென்றால் காசு கொடுக்க முதல் ஒரு நாளுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவையோ அம்மம்மாவையோ ஒரு பாட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வயது போகப் போக உயர் ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகின்றன. க, ச, த எல்லாம் கலங்கி, குரல் வரும், சொல் விளங்காது. சத்தத்தைக் கூட்டினாலும் விளங்காது. அவ குசினி வேலையை விட்டுவிட்டு வந்து இருக்க மாட்டா, அதுவும் நல்லதுதான். சாதாரண சத்தத்தில் போட்டுவிட்டு, அடுத்த அறையில் நிற்கும் அவவிடம் பாட்டின் சொல் விளங்குதா எண்டு கேளுங்கள். விளங்குது எண்டால் விலையைப் பேசி முடியுங்கள்.